வெப்சைட்டைத் திறக்கப் பார்த்தது வாப்பாதான்

அன்பு மகள் ஸம்ஸியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் நல்ல சுகம், தோஹாவில் நீயும் மருமகனும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். முதலில் என் எழுத்தை மன்னித்துக்கொள் மகள். பள்ளிவாசல் மேல்மாடி வகுப்பில் எழுதப் பழகி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, எழுத்துகள் லொறியில் ஏற்றிய சோற்றுக் கிடாரங்கள் மாதிரி ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் சாய்ந்து நிற்கின்றன. போனில் சொல்லலாமே என்பாய். நேற்று நீ போன் எடுத்து, யாரோ ஒரு கள்ளன் நம்முடைய வெப்சைட்டுக்குள் புகப் பார்த்தான், திறப்பது நீதானா என்று போன் கேட்டதற்கு நான் இல்லை என்று அழுத்தி எல்லாவற்றையும் பூட்டிவிட்டேன் என்று சொன்னதும், உம்மா கள்ளன் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போனைப் பறித்து, கோழிக்கூட்டைச் சாத்தினீங்களா என்று என்னை ஏசத் தொடங்க, லைன் அறுந்துவிட்டது. அந்தக் கள்ளன் நான்தான் மகள்.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாக வாசி. கலியாண வீடுகளுக்கு, பலர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சகன் தட்டும் கிடாரமும் வாடகைக்குக் கொடுக்கிற நம் தொழிலுக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று பெருநாளைக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா. உம்மாவின் தம்பி அஷ்ரப் கொம்பியூட்டரைக் கொண்டுவந்து விறாந்தையில் விரித்துவைத்து, எதில் கட்டுவது என்பதை முதலில் தெரிவுசெய்ய வேண்டும் என்றான். ஒன்று மாத வாடகைக்கு, எல்லாம் தயாராக இருக்கும், படத்தை இழுத்துப் போட்டால் போதும், ஆனால் விட்டுப் போகிற நாளில் கட்டினதைத் தூக்கிக்கொண்டு போவது கஷ்டமாம். இன்னொன்று பெரிய கம்பனிகளுக்கானது, எனக்கு விளங்கவில்லை, அஷ்ரபுக்கும் விளங்கவில்லை போலிருக்கிறது, வேகமாகக் கடந்துபோனான். மூன்றாவது வேர்ட்பிரஸ், அது சும்மா கிடைக்கும், வைக்கிற இடத்துக்கு மட்டும் காசு, கூட்டிப் பெருக்குவது நம் பொறுப்பு. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதில் எழுதுகிறவன் நானாக இருக்க வேண்டும். இவ்வளவு காலமும் என் விஷயத்தை மற்றவர்கள் எழுத நான் பெருவிரல் வைத்தது போதும். அஷ்ரப் சிரித்துக்கொண்டு, "ஒங்களுக்கு என்னத்துக்கு மச்சான் இந்தக் கரச்சல், நீங்க வாயால சொல்லுங்க, நான் இங்கிலிசில அடிச்சிப் போடுறன்" என்றான். நம் சகனில் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கிலீஷிலா பசிக்கிறது என்று கேட்டேன்.

உன் உம்மா குசினியிலிருந்து வந்து உனக்கு மாப்பிள்ளை பார்த்த மாதிரியே விசாரிக்கத் தொடங்கினாள். இந்த வேர்ட்பிரஸ் எத்தனை வருடமாக இருக்கிறது, நடுவில் விட்டுவிட்டு ஓடாதா, அதற்கு ஆட்கள் கூடவா குறைவா. இருபது வருடத்துக்கு மேல், உலகம் முழுக்க ஆட்கள், ஏதும் பழுதென்றால் யாரிடமும் கேட்கலாம் என்றான் அஷ்ரப். "அப்ப அதுதான் நல்லம், ஆக்கள் கூடின எடமெண்டாத்தான் ஒண்டு நடந்தா கதச்சி முடிக்க ஏலும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பொத்தான்களைத் தமிழில் வைக்கலாம் என்று அறிந்ததும் நானும் சம்மதித்தேன். பிறகு தோற்றம் தெரிவுசெய்யப் போனால், சாப்பாட்டுக் கடைக்கென்று வைத்திருக்கிற எல்லாவற்றிலும் வைன் கிளாஸ். உம்மா முந்தானையால் கொம்பியூட்டரை மூடிவிட்டு, அதை எடுத்த பிறகுதான் அஷ்ரபுக்குத் தேத்தண்ணி என்றாள். எடுத்தான். மேலதிகமாகச் சேர்க்கிற சின்னச் சின்னச் சாமான்களும் நிறைய உண்டு, பார்த்ததையெல்லாம் சேர்க்காதே என்று அவன் சொல்லியும் கேட்காமல் பனி கொட்டுகிற ஒன்றை நான் சேர்த்துவிட்டேன். உம்மா பார்த்துவிட்டு, "ஆரு இது, சோத்துக்கு மேல உப்ப அள்ளிக் கொட்டிட்டு இரிக்கி" என்றாள். அதையும் எடுத்தாகிவிட்டது.

இப்போது பூட்டு விஷயம். உரிமையாளர் யார் என்று அது கேட்ட நேரம் அஷ்ரப் தேத்தண்ணியில் இருந்தான். நானே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி உன் பெயரை அடித்தேன், ஈமெயிலும் போன் நம்பரும் உன்னுடையதே. நான் கலியாணம் முடித்து வந்த வீடு உன் உம்மாவின் பெயரில், இப்போது நாங்கள் இருக்கிற வீடு உனக்குச் சீதனமாக எழுதினது, நம்முடைய ஊரில் எந்த ஆம்பிளை தன் பெயரில் வீடு வைத்திருக்கிறான், நீயே சொல். அஷ்ரப் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தான். "என்ன மச்சான் செஞ்சி வச்சிரிக்கீங்க, வேற போனில தொறந்தா அவகிட்டல்லோ கேக்கும்" என்றான். வீட்டுக்காரியிடம் கேட்டுத்தானே உள்ளே போக வேண்டும், அதில் என்ன பிழை என்றேன். அவனுடைய கொம்பியூட்டரில் திறந்தே கிடந்ததால் பிரச்சினை வரவில்லை. அந்தக் கொம்பியூட்டரை அவன் திருத்தக் கொடுத்ததும் நேற்று என் போனில் திறந்தேன், நீ பூட்டினாய்.

உள்ளே நான் எழுதினது பாதியில் கிடக்கிறது மகள். சகனைச் சுற்றி ஆட்களை எப்படி இருத்துவது என்று எழுதிக்கொண்டிருந்தேன். வேகமாகச் சாப்பிடுகிறவனையும் பல் இல்லாதவனையும் ஒரே சகனில் வைக்கக்கூடாது, காணிச் சண்டை உள்ள இருவரை எதிர் எதிரே வைத்தால் இறைச்சித் துண்டிலும் எல்லை பிரிப்பார்கள், இப்படி. ஒரு வரிக்கு ஒரு பின்னேரம் போனது. இன்று அஷ்ரப், பூட்டினது பூட்டினதாகவே கிடக்கட்டும், தன் பெயரில் புதிதாக ஒன்று திறந்து தானே எழுதுவதாகச் சொல்கிறான். நான் மறுபடி பெருவிரலுக்குப் போக வேண்டுமாம். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து உனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறவனும் அவன்தான், வாசிப்பான் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஆகவே நீ திற. உரிமையாளரை என் பெயருக்கு மாற்றலாமாம், எனக்கு வேண்டாம், உன் பெயரிலேயே இருக்கட்டும். அதில் எழுதுகிறவர் என்று ஒரு இடம் இருக்கிறதாம், அதை மட்டும் எனக்குத் தா. திருத்துகிறவர் என்பதை உம்மாவுக்குக் கொடு, அவள் ஐந்தாம் வகுப்புப் படித்தவள், "நான் பாக்காம ஒரு எழுத்தும் வெளிய போகப்படாது, இவர் கதைக்கிற மாதிரி எழுதினா ஊரில ஒருத்தரும் சகன் கேக்கமாட்டாங்க" என்கிறாள். அதற்கும் சம்மதம்.

குளிர் மெசினை இரவு முழுக்கப் போட்டுக்கொண்டு படுக்காதே, மருமகனுக்கு எங்கள் சலாம். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் ஆரோக்கியத்தையும் பரக்கத்தையும் தரட்டும். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு திறப்பேன், அப்போது போன் கேட்டால் ஓம் என்று அழுத்து. வேறு நேரத்தில் கேட்டால் அது நானில்லை, அழுத்தாதே. வருகிற கிழமை நான் எழுதுவது தாளிலா வெப்சைட்டிலா என்பது உன் விரலில் இருக்கிறது, எதிலென்றாலும் எழுதத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டில் குடியிருக்கும் வாப்பா,
கச்சிமுகம்மது