வரைபட விளிம்பில் முனி

12.01.2008, சனி

காலை வகுப்புக்கு மூன்று பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் பொங்கலுக்குத் துணி எடுக்கப் போயிருப்பார்கள். தனுஷிகா மட்டும் பாடம் முடிந்தும் போகாமல் நின்று கடையைக் கூட்டித் தந்தாள். நல்ல பிள்ளை. தட்டச்சுத்தான் ஆமை வேகம்.

மத்தியானத்துக்கு மேல் கடை என்னுடையது இல்லை. ஹற்றன் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் ஆறு கொம்பியூட்டர். காலையில் நான் கடிதம் அடிக்கப் படிப்பிக்கிறேன், பின்னேரம் என் மனுசன் ஜீவராஜ் தோட்டத்துப் பெடியன்களை உட்கார வைத்துச் சுட்டுத் தள்ளப் பழக்குகிறார். நல்ல குடும்பத் தொழில்.

கொழும்பிலிருந்து ஒரு புது கேம் வந்திருக்கிறது. மனிதருக்கும் வேற்றுக்கிரகத்துக்காரருக்கும் சண்டை. சண்டையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஓரத்தில் ஒரு சாமான் இருக்கிறது, அதைத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை. மண்ணுக்குள் பாதி புதைந்து, சட்டியைக் கவிழ்த்த மாதிரி. நடுவில் ஒரு நீலக் கண். வேற்றுக்கிரகத்துக் கண்ணிவெடியாம். அது எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லை. ஆட்டக்காரன் சண்டையை விட்டு வரைபடத்தின் ஓரத்துக்கு நடந்தால் கண் திறக்கும், குக்கர் விசிலடிக்க முன் சீறுகிற மாதிரிச் சீறும், எழும்பி வெடிக்கும். சுட்டாலும் சாகாது. இது எதற்கு என்று இவரைக் கேட்டேன். அதற்கு அப்பால் நிலமே செய்யவில்லை, போனால் ஆள் விழுந்துகொண்டே இருப்பான், போகவிடாமல் காவல் நிற்கிறது என்றார்.

பெடியன்கள் அதற்கு முனி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தோட்டத்து எல்லையில் கல்லாக நிற்கிற முனியாண்டியும் அப்படித்தானே தாண்டவிடாது என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் சித்தப்பாவின் பசு கண்ணிவெடி என்று எழுதிய மண்டையோட்டுப் பலகையைத் தாண்டி மேயப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

03.02.2008, ஞாயிறு

இவருக்கு விசர். அந்த கேமில் நாங்களே வரைபடம் செய்து போடலாமாம். பாலைவனத்தில் சுட்டது போதும், டிக்கோயாவில் நம்ம தோட்டத்தையே கட்டுறேன் என்று கிளம்பிவிட்டார். போனைத் தூக்கிக்கொண்டு வரிசை வீட்டு லயத்துச் சுவர், தண்ணிப் பீலி, தேயிலை ஸ்டோர்த் தகரம், கோயில் படி என்று எல்லாவற்றையும் படம் எடுக்கிறார். அந்தப் படத்தை ஒட்டினால்தான் சுவர் சுவராகத் தெரியுமாம்.

மாமி பேச்சியம்மா கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றா. “கல்யாணத்துல கூட என்னைய ஒழுங்கா ஒரு படம் எடுக்கல. கக்கூஸ் செவுத்தப் போயி எடுக்குறான்.”

பெடியன்கள் ஒவ்வொருவனும் தன் வீட்டுக் கதவின் நிறத்தைச் சொல்லிவிட்டுப் போகிறான். பகிடி பண்ணினாலும், எங்கள் லயக்காம்பரா வீடு திரையில் வந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். வாசலில் கொடிக்கயிறு கூட இருந்தது. சந்தோசமாகத்தான் இருந்தது.

24.02.2008, ஞாயிறு

கட்டி முடித்துவிட்டார். கடையில் நிற்க இடமில்லை. ஒவ்வொரு பெடியனும் தன் வீட்டு ஜன்னலால் தானே சுடுகிறானாம், அதில் அப்படி ஒரு ஆனந்தம்.

பிறகுதான் முனி இருக்கிற இடங்களைக் கவனித்தேன். டிக்கோயா வீதிச் சந்தியில் ஒன்று, பாலத்தில் ஒன்று, ஸ்டோர் வளைவில் ஒன்று. நிஜத்தில் அந்த மூன்று இடத்திலும் இருப்பது ஆமியின் சோதனைச்சாவடி. நாலாவது பக்கம் தோட்டத்தின் மேல் பகுதிக்கு, மேல் டிவிசனுக்கு, ஏறுகிற பாதை. அங்கே கட்ட நேரமில்லாததால் முனியை வைத்து மூடியிருக்கிறார்.

ஏன் சரியாக அந்த இடங்கள் என்று கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. “எல்லாரும் அங்கனதானே எறங்கி ஐசி கார்டக் காட்டிட்டு நிக்கிறோம்? நம்ம தோட்டம் அதோட முடிஞ்சிருதுல்ல” என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. உன் ஊர் எதுவரைக்கும் என்று கேட்டால் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளையும் அந்த மூன்று இடத்தைத்தான் காட்டும். ஆனால் இதை ஒரு ஆமிக்காரன் பார்த்தால்? தன் காவலரணில் எவனோ கண்ணிவெடி வைத்துத் திட்டம் போடுகிறான் என்று நினைக்கமாட்டானா? சண்டை நிறுத்தமும் இல்லாமல் போய்விட்ட நேரத்தில் இது தேவையா?

மாற்றச் சொல்லிச் சண்டை பிடித்தேன். சரி சரி என்றார்.

25.02.2008, திங்கள்

மாற்றிவிட்டார். ஆனால் பழையதைப் பெடியன்கள் நேற்றே சீடியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

19.03.2008, புதன்

கொண்டு போட்டாங்கள். காலமை இவர் ரொட்டி தின்னேக்க ஆமி வந்து, சாறத்தோடையே ஏத்திக்கொண்டு போட்டாங்கள். பாலத்தடியிலை ஒரு பெடியன்ரை பையிலை அந்த சீடி அகப்பட்டதாம். பெடியன் பயத்திலை இவரின்ரை பேரைச் சொல்லிப்போட்டான். அவனைக் குற்றம் சொல்லேலாது. கடையிலை இருந்த ஆறு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போட்டாங்கள்.

முகாம் வாசலில் பின்னேரம் வரைக்கும் நின்றோம். மாமி அழவில்லை. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் “மாத்தயா, அது வெளையாட்டுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தா. கடவுளே, நான் எங்கே போய் யாரைக் கேட்பேன்?

22.03.2008, சனி

உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு லெப்டினன்ட், என் வயதுதான் இருக்கும். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றதும் முகம் மாறியது. அப்பா டிக்கோயா டவுனில் படிப்பித்த ஆசிரியர், அவரோடு இங்கே வந்தவள் நான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

எங்கள் கொம்பியூட்டர் ஒன்றை மேசையில் இணைத்து வைத்திருந்தார்கள். விளையாட்டு என்றால் விளையாடிக் காட்டு என்றார். நான் ஒருநாளும் விளையாடியதில்லை. எங்கள் லயத்து வாசலிலிருந்து ஆளை நடத்திக்கொண்டு போனேன். மேல் டிவிசன் பாதையில் முனி சீறி வெடித்தது. பின்னால் நின்ற ஆமிக்காரர் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு உயிர் வந்தது.

லெப்டினன்ட் மட்டும் சிரிக்கவில்லை. வெடிக்கு அந்தப் பக்கம் என்ன என்றார். ஒன்றுமில்லை, நிலமே இல்லை, ஆள் போகாமல் இருக்கத்தான் வெடி என்று விளக்கினேன். ஆனால் உண்மையில் அங்கே மேல் டிவிசன் இருக்கிறதல்லவா என்றார். ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

30.03.2008, ஞாயிறு

வந்துவிட்டார். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை, நான்தான் தலை சீவிவிட்டேன். என்ன செய்தார்கள் என்று கேட்டேன். பெட்டியெல்லாம் திருப்பித் தாராங்களாம் என்றார்.

06.04.2008, ஞாயிறு

கடை திறந்தாயிற்று. பெடியன்கள் ஒருவனும் இல்லை. நாலு மணிக்கு மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. சாவடிப் பொடியன்கள் ஆறு பேர், கடமை முடிந்து விளையாட வந்திருக்கிறார்கள். துவக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு, இருந்து சுடுகிறார்கள். திரையில் மாமியின் வாசலில் பதுங்கி ஒருவன் மற்றவனைச் சுடுகிறான். கோயில் படியில் ஒருவன் செத்துக் கிடந்தான்.

பொல்லாதவர்கள் என்று சொல்லமாட்டேன். போகும்போது என்னை நங்கி, தங்கச்சி, என்று கூப்பிட்டு நன்றி சொன்னார்கள். இவரை மல்லி, தம்பி, என்றார்கள். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்க முடியவில்லை.

15.04.2008, செவ்வாய்

வருடப்பிறப்புப் பலகாரத்தோடு லெப்டினன்டே வந்தார். கொக்கிஸ், வாழைப்பழம். மரியாதையாகத்தான் பேசினார். பொடியன்களுக்கு இந்த இடம் அலுத்துவிட்டதாம். மேல் பக்கத்து வெடியை எடுத்துவிட்டு மேல் டிவிசனையும் கட்டித் தரவேண்டுமாம். லயங்கள், கதவுகள், பின்பாதைகள், எல்லாம் இருக்கிறபடியே. விளையாட்டுக்குத்தான் என்று இரண்டு தரம் சொன்னார்.

மேல் டிவிசனில் ஐந்தாம் லயத்தில் வேலாயி வீட்டில் அவளுடைய மகன் மாயாண்டி இருக்கிறான். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்தவன். தங்கியிருந்த அறையைப் பொலிஸ் சுற்றிவளைத்தபோது அவன் மட்டும் வெளியே நின்றிருக்கிறான். கூட இருந்த இருவரையும் இன்னும் காணவில்லை. அவன் இங்கே ஓடிவந்தது தோட்டம் முழுக்கத் தெரியும். முகாமுக்கும் அரசல்புரசலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

லெப்டினன்ட் போன பிறகு, இவர் முடியாது என்றார். நான் விடவில்லை. “கட்டிக் குடுங்கோ. என்னாலை இன்னொருக்கா அந்த முகாம் கேற்றடியிலை நிக்கேலாது” என்றேன். மாயாண்டிக்கும் அம்மா ஒருத்தி இருக்கிறா என்று தெரிந்துதான் சொன்னேன். எனக்கு இவர் வேண்டும். யாழ்ப்பாணப் பாதையும் பூட்டிக் கிடக்கிறது, அம்மாவிடம் ஓடவும் வழியில்லை.

27.04.2008, ஞாயிறு

கட்டுகிறார். இடது கையால் மவுஸ். இந்தமுறை படம் எடுக்கப் போகவில்லை, எல்லாம் மனதில் இருக்கிறதாம். என்னோடு தேவைக்குத்தான் பேச்சு.

02.05.2008, வெள்ளி

முடித்ததைக் காட்டினார். நாலு லயமும் அச்சு அசல். கதவு, கோழிக்கூடு, கூரை மேல் கல், ஒன்றும் குறையில்லை. நாலாவது லயத்தைத் தாண்டினால் டர்பன்டைன் மரங்கள். மரங்களுக்கு முன்னால் வரிசையாக முனி.

“அஞ்சாம் லயம் எங்கை?” என்று கேட்டேன்.

“முனிக்கு அந்தப் பக்கம்” என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உண்மையில் அந்த லயம் மரங்களுக்குப் பின்னால், மலை இறங்குகிற பக்கம்தான் இருக்கிறது. கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் நானே தோட்டம் மரங்களோடு முடிகிறது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குப் பயம்தான். ஆனால் கட்டுங்கோ என்று இரண்டாம் முறை வாய் வரவில்லை.

10.05.2008, சனி

பொடியன்களுக்குப் புது வரைபடம் நன்றாகப் பிடித்துவிட்டது. லெப்டினன்டும் வருகிறார். அவர் யாரையும் சுடுவதில்லை. ஒவ்வொரு லயமாக நடந்து, பின்பக்கம் போய், கதவுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். முனியைக் கண்டதும் திரும்பிவிடுகிறார். அங்கே அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

18.05.2008, ஞாயிறு

விடிய முன் மேல் டிவிசனைச் சுற்றி வளைத்தார்கள். நல்ல பனிமூட்டமாம். எந்தக் கதவு எங்கே என்று தெரிந்த மாதிரி, ஒருவரையும் கேட்காமல், நாலு லயத்தின் முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் ஏறியிருக்கிறார்கள். பீலிக்குப் போனவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்து மாமி சொன்னா. ஆம்பிளைகள் எல்லோரையும் கோயில் முன்னால் குந்த வைத்து அட்டை பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்கள். மரங்களுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை.

தோட்டத்து ஒப்பீசில் ஐந்து லயம் என்று யாரோ சொல்ல, மத்தியானம் திரும்பவும் ஏறினார்கள். அதற்குள் மாயாண்டி தேயிலைக்குள்ளால் எங்கோ போய்விட்டான். வேலாயி ஒருத்திதான் இருந்தாளாம், அடுப்பு ஊதிக்கொண்டு.

மாமி இதைச் சொல்லி முடிக்கும்வரை இவர் குனிந்து ரொட்டியைத் தின்றுகொண்டே இருந்தார். பிறகு எழும்பிப் போய்க் கை கழுவினார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

எங்காவது போய்விடுவோமா என்று கேட்டேன். “ஓடுனா நாமதான்னு ஆயிரும்” என்றார்.

22.05.2008, வியாழன்

லெப்டினன்ட் தனியாக வந்தார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மூலைக் கொம்பியூட்டரில் உட்கார்ந்தார். மேல் டிவிசன் பாதையில் ஏறி, நாலு லயத்தையும் கடந்து, மரங்கள் வரை நடந்தார். முனி கண் திறந்தது, சீறியது, வெடித்தது. தொடக்கத்திலிருந்து திரும்பவும் நடந்தார். திரும்பவும் வெடித்தது. எத்தனை தரம் என்று தெரியாது.

பிறகு கதிரையைத் திருப்பி, இந்த இடத்தில் இதை வைத்தது யார் என்று கேட்டார்.

இவர் எழும்பினார். அந்தக் கை இன்னும் பாதிதான் உயர்கிறது. அவர் வாய் திறக்க முன் நான் சொல்லிவிட்டேன். நான்தான். இவருக்குக் கை ஏலாது, மேல் டிவிசன் முழுக்க நான்தான் கட்டினேன். நான் யாழ்ப்பாணத்தவள், தோட்டம் எனக்குச் சரியாகத் தெரியாது. மரங்களோடு எல்லாம் முடிகிறது என்று நினைத்தேன்.

சிங்களம் ஒரு இடத்திலும் தடக்கவில்லை. எப்படி வந்ததென்றே தெரியவில்லை.

“இல்லைங்க மாத்தயா, அவ சும்மா...” என்று இவர் தொடங்கினார். லெப்டினன்ட் கையைக் காட்டி நிறுத்தினார். என் அடையாள அட்டையை வாங்கி, பிறந்த இடத்தைத் திரும்பவும் ஒருமுறை வாசித்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாளைக்குக் காலையில் முகாமுக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டாம். தனியாக வந்தால் போதுமாம்.

அட்டை இல்லாமல் எங்கும் போக முடியாது. வீட்டுக்கு வரும்போது பாலத்தடியில் மறித்தார்கள். விசயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஒன்றும் கேட்காமல் விட்டார்கள். முன்பு நங்கி என்று கூப்பிட்டவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

இவர் என் கையைப் பிடித்தபடியே இருக்கிறார். இடது கையால் பிடித்தே என்னை எழுதவிடாமல் பண்ணுகிறீர்கள் என்று நான் பகிடியாகச் சொல்ல, சிரிக்கப் பார்த்து, முடியாமல் அழுதுவிட்டார். மாமி நாளைக்கு உடுக்க என் நல்ல சேலையை எடுத்து மடித்து வைத்திருக்கிறா.

தனுஷிகாவிடம் நாளைக்கு வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை இருக்கா மிஸ் என்று கேட்டாள். சொல்லி அனுப்புகிறேன் என்றேன்.