வழி கேட்க வந்தவர்

தாபோடி,
4.8.2025

அன்புள்ள தம்பி முரளிக்கு,

ஆண்டவர் உங்களைக் காப்பாராக. எங்கள் கோவில் பலகையில் நீங்கள் ஒட்டிய தாளைப் பூசை முடிந்து பார்த்தேன். 'உலகப் போரில் காணாமல் போன விமானப்படை வீரர் டேனியலின் குடும்பத்தார் இங்கே இருந்தால் எழுதவும்.' இருக்கிறேன். நான் அவர் மகள். அவர் காணாமல் போனபோது அம்மா வயிற்றில் நாலு மாதம்.

அம்மா விமானப்படை மேலிடத்துக்கு எழுதிக் கேட்டாள். 'டேனியல் என்று யாரும் காணாமல் போகவில்லை' என்று பதில் வந்தது. போதாதா? பர்மாக்காரி ஒருத்தியோடு ஓடிவிட்டான் என்று தெருவே சொன்னது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் 'ஓடிப்போனவன் மகள்'. அம்மா எதையும் நம்பவில்லை. சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை, கல்லறைத் திருநாளில் அப்பாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற விடவுமில்லை. ஓடினாரா, செத்தாரா? நான் கண் மூடுமுன் அது ஒன்று தெரிந்தால் போதும்.

போனில் எனக்குக் காது கேட்காது. கடிதமே போடுங்கள்.

ஆரோக்கியமேரி


ஹடப்சர்,
11.8.2025

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். நான் கோயம்புத்தூர்க்காரன், இங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறேன். உங்கள் கடிதத்தை ஆபீஸ் பஸ்ஸிலேயே நாலு தடவை படித்தேனுங்க. காணாமல் போனோர் பட்டியலில் நானும் டேனியலைத் தேடி அலுத்துவிட்டேன். அவருடைய அப்பா பெயர் என்ன? சொந்த ஊர் எது?

அன்புடன்,
முரளி


தாபோடி,
18.8.2025

அன்புள்ள தம்பி,

தாத்தா பெயர் சவரிமுத்து. ஊர் தூத்துக்குடிப் பக்கம். அப்பா பட்டாளத்தில் சேர்ந்த மறுவருஷமே தாத்தா காலமாகிவிட்டார்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை, எங்கள் சபையும் இல்லை. என் அப்பா மேல் உங்களுக்கென்ன இவ்வளவு அக்கறை? பக்கத்து வீட்டு எஸ்தர், "மேரிக்கா, ஆதார் நம்பர் மட்டும் குடுத்துராதீங்க" என்கிறாள்.

ஆரோக்கியமேரி


ஹடப்சர்,
16.9.2025

அன்புள்ள அம்மா,

கிடைத்துவிட்டார்! நாம் இனிஷியலாகப் போடும் அப்பா பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா குடும்பப் பெயராக்கிவிட்டான். 'சவரிமுத்து, டி.' என்று பட்டியலில் இருக்கிறார். டேனியல் என்று கேட்டால் எப்படிக் கிடைப்பார்? தகவல் தெரிவிக்க வேண்டியவர் என்று உங்கள் தாத்தாவின் ஊர் முகவரியே இருக்கிறது. தந்தி பூட்டிய வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

தேதி தெரிந்ததும், லண்டனில் இருக்கும் என் நண்பன் ஷ்ரேயஸ் ஆவணக் காப்பகத்துக்குப் போய் அன்றைய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். 17.3.1944, காலை 7.40. இருவர் போகும் விமானம், பின்னிருக்கையில் துப்பாக்கியோடு உங்கள் அப்பா. பர்மா எல்லையில் மேகத்துக்குள் போனது, திரும்பவில்லை. மலைக்கு அப்பால் புகை எழுந்ததைப் பக்கத்து விமானி பார்த்திருக்கிறார். நகல் இணைத்துள்ளேன்.

அவர் ஓடவில்லை அம்மா.

முரளி


தாபோடி,
22.9.2025

தம்பி முரளி,

கடிதத்தைத் தெருவில் நின்று சத்தமாகப் படித்தேன். ஓடிவிட்டான் என்று சொன்னவர்கள் ஒருவரும் உயிரோடில்லை. ஆனாலும் படித்தேன். அழுதேன், சிரித்தேன், எஸ்தர் வீட்டுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நகலில் மூன்றாவது வரியில் அப்பா பெயர் பேனாவில் இருக்கிறது, மற்றதெல்லாம் டைப். பேனா எழுத்துக்குக் கீழே வெள்ளை. அதைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு கோடு. முப்பத்தாறு வருஷம் ரெக்கார்ட் செக்‌ஷனில் ஜெராக்ஸ் எடுத்தவள் நான். துண்டுக் காகிதம் வைத்து மறைத்தால்தான் அந்தக் கோடு விழும். அரே பாபா, கம்ப்யூட்டர்காரருக்கு ஒழுங்காக மறைக்கவும் தெரியவில்லையே! அங்கே யார் பெயர்?

ஆரோக்கியமேரி


ஹடப்சர்,
29.9.2025

அம்மா,

மன்னித்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் அடியோடு அழிக்க மனம் வரவில்லை. மறைத்தால் போதும் என்று நினைத்தேன். முழு நகல் இதோ.

டைப்பில் இருந்து, பேனாவால் அடிக்கப்பட்ட பெயர் பக்தவத்சலம். என் தாத்தா. அன்று அவருடைய முறை. மலேரியாக் காய்ச்சலில் படுத்திருந்தார். உங்கள் அப்பா, "நான் போயிட்டு வாரேன், நீ படு" என்றாராம். தாத்தாவின் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் தேட ஆரம்பித்தேன்.

அதில் இன்னொன்றும் இருக்கிறது. 1946: 'தாபோடியில் டேனியல் வீட்டு வாசல்வரை போனேன். அவன் மனைவி கழுத்தில் தாலி, இடுப்பில் பெண் குழந்தை. யாரைத் தேடுகிறீர்கள் என்றாள். சொல்ல வாய் வரவில்லை. ஸ்டேஷனுக்கு வழி கேட்க வந்தேன் என்று சொல்லிவிட்டேன்.'

முரளி


தாபோடி,
20.10.2025

முரளி,

மூன்று வாரம் பதில் போடவில்லை. கோபம்தான், வேறென்ன? வாசல்வரை வந்த மனிதருக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையா? அந்த ஒரு வார்த்தைக்காக என் அம்மா நாற்பத்தோரு வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் இருந்த குழந்தை நான்தான். ஓடிப்போனவன் மகள் என்று கேட்டுக்கேட்டே வளர்ந்தேன். உங்கள் தாத்தாவை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் அதைச் சொல்லிவிட்டேன்.

ஆனால் நோட்டை எடுத்து ஒளிக்காமல், தெரியாத ஊர்க் கோவிலில் தாள் ஒட்டி என்னைத் தேடினீர்களே. அதை நினைத்தால் கோபம் பாதியில் நின்றுவிடுகிறது.

நவம்பர் இரண்டு, ஞாயிறு, கல்லறைத் திருநாள். அப்பாவுக்கென்று கல்லறை இல்லை. அம்மா கல்லறையில் அவர் பெயரில் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றப் போகிறேன். இத்தனை வருஷம் கழித்து. காற்றில் அணையாமல் மறைத்துப் பிடிக்கக் கூட ஒரு ஆள் வேண்டும். அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள், அம்மாவைப் பார்த்து எழுதிய வரியை என் கண்ணால் படிக்க வேண்டும்.

சிவாஜிநகரில் லோணாவளா லோக்கல் ரயில் ஏறி தாபோடியில் இறங்குங்கள். இடப்பக்கம் மாவு மில், அதைத் தாண்டி மூன்றாவது வீடு, பச்சைக் கதவு. வழி எழுதிவிட்டேன். வாசலில் நின்று வழி கேட்காதீர்கள், உள்ளே வாருங்கள்.

ஆரோக்கியமேரி,
டேனியல் மகள்