பேட்டரிப் பெட்டியின் காற்றுத் துளை

திருநின்றவூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் சுவேதாவுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே ஆக்லாந்தில் நன்றாக இருக்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதமே. நாங்களும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, காரணம் கீழே வருகிறது. அதற்கு முன்னால் எழுந்து போய் நீ வேலை பார்க்கும் படகில் சார்ஜரை நிறுத்திவிட்டு வா. பேட்டரிப் பெட்டியின் காற்றுத் துளையில் நான் ஒட்டச் சொன்ன டேப்பைப் பிரித்து, மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விடு, கிட்டே நெருப்பு எதுவும் வேண்டாம். பிறகு மூன்று பேட்டரியையும் சேர்த்துக் கட்டிய ஒயரைக் கழற்று. செய்துவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும்.

வீடியோ காலில் அம்மா கையில் கட்டைப் பார்த்துக் கேட்டாய் அல்லவா, எண்ணெய் தெறித்தது என்று சொல்லும்படி நான்தான் அவளிடம் கெஞ்சினேன். உண்மை அதுவல்ல மகளே. ஆயுத பூஜைக்கு முதல் நாள் இன்வெர்ட்டரின் புது பேட்டரியோடு பழையதையும் சேர்த்து ஒரே சார்ஜரில் போட்டேன். அலமாரிக்குள் வைத்து, பூஜையன்று ஒவ்வொரு மூடிக்கும் தாராளமாகச் சந்தனம் அப்பிப் பொட்டு வைத்தேன், காற்றுப் போகும் துளை அதில்தான் இருக்கிறது என்ற நினைப்பே இல்லை. விருந்தாளி வருகிறார்கள் என்று கதவையும் சாத்திவிட்டேன். அம்மா கற்பூரத் தட்டோடு கதவைத் திறந்தாள், சார்ஜில் கிளம்பித் தேங்கிய வாயு தீப்பிடித்து வெடித்துவிட்டது. ஏதோ கேட்க என் பக்கம் திரும்பியதால் கண் தப்பியது, ஆசிட் கையோடு போயிற்று. ஆறி வருகிறது. பக்கத்து வீட்டாரிடம் குக்கர் வெடித்தது என்று சொன்னேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்தவன் நம் எதிர்வீட்டு கஜபதிதான், ராணுவ டாங்கி ஃபேக்டரியில் என்னோடு இருந்தவன். அம்மா கையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியவன் அவன், நான் நின்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், "பழசும் புதுசும் ஒண்ணா கட்டிகினு, மூடி வேற வெச்சிகீற. இன்னா வேல இது? பொண்ணுக்கும் இத்தான் சொல்லிக் குடுத்தியா?" என்று கேட்டான்.

சொல்லித்தான் கொடுத்தேன். சார்ஜர் புத்தகத்தில் தனித்தனியாகப் போடச் சொல்லியிருக்கிறதே, துளை வழியாக உப்புத் தண்ணீர் வருகிறதே, என்ன செய்ய என்று நீ கேட்டபோது, முப்பது வருஷம் பேட்டரி ரூமில் இருந்தவனுக்குப் புத்தகம் காட்டுகிறாயா என்று சிரித்தேன். அப்பா சொன்னால் சரி என்றாய்.

முப்பது வருஷம் இருந்தது நிஜம். ஆனால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேனை உள்ளே வைத்துவிட்டு வருவதுதான் என் வேலை. சார்ஜ் போட்டதெல்லாம் கஜபதி. நீ சின்னப் பிள்ளையில் ஸ்கூலில் என் அப்பா டாங்கிக்கே கரண்ட் ஏற்றுகிறவர் என்று சொல்லிவிட்டு வந்தாய், அதைத் திருத்த மனசு வரவில்லை. அதைக் கேட்டே நீ இந்த எலக்ட்ரிக்கல் வேலைக்குப் படித்தாய் என்பதுதான் என்னைக் கொல்கிறது. போனில் உன் குரல் கேட்டால் மறுபடியும் பீற்றிக்கொள்வேன், அதனால் எழுதி, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

சனிக்கிழமை கடலுக்குக் கிளம்புமுன் கஜபதியிடம் பேசு, நம்பர் பின்பக்கம் இருக்கிறது. அவன் சொல்வதையும் அந்தப் புத்தகத்தையும் கேள், என்னைக் கேட்காதே. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. வேம்புலியம்மன் உன் கூடவே வருவாள். ஒயரைக் கழற்றியதும் அம்மாவுக்கு ஒரு வார்த்தை அனுப்பு, எனக்கு அனுப்ப மனம் வரும்போது அனுப்பினால் போதும்.

ஃபேக்டரியில் எல்லோரும் கூப்பிட்ட, வீட்டில் நான் சொல்லாத பெயரில்,
உன் அப்பா,
கேன் திருவேங்கடம்.