யார் வஷளாக்கியது

மகரம் 12, வியாழன்

காலையில் பனி, பத்து மணிக்கே வெயில். இவர் கோயில் மடப்பள்ளியில் சமையலை முடித்துவிட்டு நொண்டிக்கொண்டு வந்தார். உள்ளங்காலில் புண். எப்போதிலிருந்தோ. சர்க்கரைக்காரர், வலி தெரியாது. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அடைத்து, மேலே துணியை இறுக்கிக் கட்டியிருக்கிறார். ரத்தம் கசிந்தால் தீட்டு. மடப்பள்ளிக்குள் விடமாட்டார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்கோ."

"உத்ஸவம் முடியட்டும். நீ பேசிப் பேசி வஷளாக்காதே."

மலையாளச் சொல். கரமனையில் பிறந்து வளர்ந்த எங்கள் வாயில் எப்போதோ ஒட்டிக்கொண்டது. ஏற்கெனவே கெட்டிருப்பதை இன்னும் கெடுப்பது. எப்போதும் அடுத்தவரைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ‘நான் வஷளாக்கினேன்’ என்று இந்தத் தெருவில் ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை.

மகரம் 14, சனி

பால், தக்காளி, இவருக்கு மாத்திரை. பழவங்காடியில் தேங்காய் உடைத்தேன். பிள்ளையாரிடம் கோபமாகத்தான் பேசினேன்.

அறையில் நாற்றம். எலி செத்திருக்கிறது என்று கட்டிலுக்கு அடியில் தேடினேன். இவர் கால். ஊதுபத்தி கொளுத்தி வைத்துக்கொண்டு ஜபம் செய்கிறார், எனக்கு மூக்கில்லை என்று நினைப்பு.

பெங்களூரிலிருந்து பிள்ளை போன். "இழுத்துண்டு போம்மா! ரெண்டு பேரும் சேர்ந்து வஷளாக்கறேள்." அங்கே உட்கார்ந்து சொல்ல எளிது. வந்து இழுக்கட்டுமே.

மகரம் 17, செவ்வாய்

ராத்திரியெல்லாம் காய்ச்சல், நடுக்கம். கேட்காமல் போனார். மடப்பள்ளியில் பாயச உருளி முன்னாலேயே விழுந்தாராம். ஆட்டோ. ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண். கட்டைப் பிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுண்ணாம்பில் வெந்து, கறுத்து, ஐயோ.

"ஆரா இது இங்ஙனெ வஷளாக்கியது?"

இவர் என்னைப் பார்த்தார். பாவி மனுஷன். டாக்டர் என்னைத்தான் திட்டினாள். கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டுமாம். நாளைக்கே. அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

மகரம் 19, வியாழன்

நேற்று எடுத்துவிட்டார்கள். கான்டீன் காப்பி கழுநீர். பிள்ளை நாளை வருகிறான்.

மத்தியானம் இவர் நன்றாகத் தெளிந்து, போர்வையைத் தூக்கிப் பார்த்தார். அழுவார் என்று பயந்தேன்.

"புண் போயிடுத்தோல்லியோ?"

"போயிடுத்து."

"அப்போ காஞ்சதும் உள்ளே விடுவா. தீட்டு இல்லையே. அடுப்பு கிட்டே ஒரு ஸ்டூல் போடச் சொல்லு."

அங்கம் குறைந்தவரை மடப்பள்ளிக்குள் விடமாட்டார்கள். இத்தனை வருஷம் அங்கே சமைத்தவருக்குத் தெரியாததா?

"சொல்றேன்" என்றேன்.