தகனினிக்கு வைக்காத கோப்பை

நேற்று பக்குரங்கா மண்டபத்தில் வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது, மார்க்கர் மையின் காரமான மணம் மூக்கில் ஏறியது. உடனே அந்த வருடம் வந்துவிட்டது. நோய்க்காகப் பூட்டியிருந்த நாட்டைத் திறந்து, அடுத்த தை மாதத்து மழையில் ஓக்லாந்தின் பாதி வீதிகள் தண்ணீருக்குள் கிடந்ததே, அந்த வருடம். எனக்கு வருடத்தை இலக்கத்தில் எழுதத் தெரியாது. இப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். மண்டபத்தின் ஊறிப்போன கம்பளத்தைக் கழற்றி எறிந்து புதிது விரித்தார்கள். அந்தப் புரட்டாசியில் நீர் வகுப்புக்கு வந்தீர்.

மனம் நொந்தவர்களோடு பேசி வைத்தியம் செய்கிறவர்களுக்கு ஆரம்பப் பயிற்சி. நாலு புதன்கிழமை. நான் கதிரை அடுக்கி, தேத்தண்ணி போட்டு வைக்கிறவன். பதினோரு பேர் வந்திருந்தீர்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஒருவர் நோயாளியாக, மற்றவர் வைத்தியராக இருந்து பழக வேண்டுமாம். நீர் தனித்துப்போய், நான் தேத்தண்ணி போடுகிற குசினி வாசலுக்கு வந்தீர்.

"அங்கிள், பசியாறிட்டீங்களா? தமிழ்தானே நீங்க? கொஞ்சம் வந்து உட்காருங்க லா. எனக்கு ஆள் இல்ல."

"எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது பிள்ளை."

"கஷ்டம் இருக்கா?"

"அது இருக்கு."

"போதும், வாங்க."

மலேசியாவில் முப்பது வருடம் தாதியாக இருந்தவர் நீர். இங்கே தமிழ் முதியவர்களோடு அவர்கள் மொழியில் பேச ஆள் இல்லை, அந்த வேலைக்குத்தான் படிக்கிறேன் என்றீர். பெரிய கஷ்டத்தைச் சொல்லக்கூடாது, சின்னதாக ஒன்று சொல்ல வேண்டும், அதுதான் வகுப்பின் சட்டம். நான் முழங்கால் வலியைச் சொன்னேன். உம்மிடம் ஒரு தாள் இருந்தது. வலியைத் தவிர்க்க எதையெல்லாம் விட்டுவிட்டோம் என்று அதில் நிரப்ப வேண்டும். என்னால் முடியாதென்று தெரிந்ததும் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, தேத்தண்ணிக் கோப்பைகளை இழுத்து என் முன்னால் வைத்தீர்.

"விட்டது ஒண்ணுக்கு ஒரு கப்பு வைங்க அங்கிள்."

கோயிலில் வீதி சுற்றுகிறது, ஒன்று. கடைக்கு நடக்கிறது, இரண்டு. மூன்றாவதைத் தூக்கினேன். மேசையில் வைக்கவில்லை. கையிலேயே இருந்தது.

"அது என்ன?"

"தகனினி."

அந்த ஊரில் என் மருமகள் இருந்தாள். மகன் ஒரு விடியற்காலை வேலைக்குப் போகும்போது மோட்டர்வேயில் லொறி அடித்துச் செத்தான். மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். செத்தவீடு முடிந்து என்னைப் பக்குரங்காவில் என் அறையில் கொண்டுவந்து விட்ட நாளுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. சனிக்கிழமைகளில் அவள் போன் எடுத்து, "மாமா, ஒருக்கா வந்து சாப்பிட்டுட்டுப் போங்கோவன்" என்பாள். முழங்கால் என்பேன். பிறகு அவளும் கேட்கிறதை விட்டுவிட்டாள். அங்கே போகிற அந்த மோட்டர்வேயில் ஏற ஏலாது என்று உமக்குச் சொன்னேன். சுற்றுவழி இருந்தது. அதை நான் யாரிடமும் விசாரிக்கவே இல்லை.

நீர் ஆறுதல் சொல்லவில்லை. அதுவே எனக்குப் புதினமாக இருந்தது. எங்கள் ஆட்களிடம் இப்படிச் சொன்னால் ஒன்றில் விதி என்பார்கள், இல்லாவிட்டால் அழாதேங்கோ என்பார்கள். நீர் கேட்டதெல்லாம் அந்தப் பயம் உடம்பில் எந்த இடத்தில் நிற்கிறது என்றுதான். நெஞ்சுக்குக் கீழே என்று காட்டினேன். "அது அங்கயே இருக்கட்டும் அங்கிள். வெரட்ட வேணாம். அதையும் கூட்டிக்கிட்டுப் போகலாம்" என்றீர். அதற்குப் பிறகு வந்த இரண்டு புதனும் அதையே பழக்கினீர். கண்ணை மூடி அந்த வீதியை நினைக்கச் சொல்வீர். எனக்கு வியர்க்கும். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்.

நாலாம் புதன் சோதனை. வெள்ளைக்கார ஆசிரியை பேனையோடு பக்கத்தில் வந்து இருந்தார். நாம் தமிழில் கதைக்க, நீர் அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனீர். ஒரே வசனத்தை இரண்டு தரம் சொன்னீர். நல்ல பிள்ளை, இவள் தோற்கக்கூடாது என்று நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். ஒருவர் நமக்காகப் பாடுபட்டால் சுகமாகிவிட்டது என்று சொல்வதுதானே மரியாதை.

"போன சனிக்கிழமை தகனினிக்குப் போனனான்," என்றேன். "மோட்டர்வேயாலதான். பயம் இருந்தது, அதையும் கூட்டிக்கொண்டு போனன்."

ஆசிரியையின் முகம் மலர்ந்தது. நீரும் சிரித்தீர். "மருமக என்ன சமைச்சாங்க?"

"புட்டும் மீன் குழம்பும்."

உம்முடைய சிரிப்பு மெல்ல இறங்கியது. புரட்டாசிச் சனி. மருமகள் மீன்சட்டியைக் கழுவி வைத்துவிட்டு விரதம் பிடிக்கிற நாள். அது எனக்குத் தெரியும், வாய் முந்திவிட்டது. புரட்டாசி முழுக்க மச்ச மாமிசம் தொடாத உமக்கும் தெரியும். அந்த அறையில் வேறு எவருக்கும் தெரியாது. நீர் அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆசிரியையிடம் திரும்பி ஆங்கிலத்தில் நாலைந்து வசனம் சொன்னீர். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

பிறகு குசினிக்கு வந்தீர்.

"என்ன பிள்ளை சொன்னனீர்? நான் பொய் சொன்னதெண்டோ?"

"இல்ல அங்கிள். நான் உங்கள அவசரப்படுத்திட்டேன், நான் பாஸ் பண்ணணும்னு நீங்க கவலப்படுற மாதிரி வச்சிட்டேன்னு சொன்னேன்."

"இப்ப என்ன?"

"நான் பாஸ் இல்ல. அடுத்த வகுப்புல மறுபடி வரணும்." கோப்பையைக் கழுவி வைத்தீர். "மீன் குழம்பா அங்கிள்? ஒரு சாம்பார் சொல்லியிருக்கக் கூடாதா?"

இரண்டு பேரும் சிரித்தோம். நீர் கழுவி வைத்த கோப்பையை நான் திரும்பவும் கழுவினேன்.

அடுத்த வகுப்புக்கு நீர் வரவில்லை. மாசியில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தீர். வயிற்றில் கட்டி, பரவிவிட்டது என்றீர். உடனேயே, "தகனினிக்குப் போனீங்களா?" என்று கேட்டீர்.

"இல்லை பிள்ளை."

"சரி. இது உண்மை." கொஞ்சம் மூச்சு வாங்கினீர். "எனக்கும் பயமாத்தான் இருக்கு அங்கிள். பக்கத்துல வச்சிக்கிட்டுப் படுத்திருக்கேன்."

ஒன்பது நாள் கழித்து நீர் போய்விட்டதாகச் செய்தி வந்தது.

உம்முடைய எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு அடுத்த சனிக்கிழமை டாக்ஸி பிடித்தேன். சாரதி உள்வீதியாலும் போகலாம் என்றார். மோட்டர்வேயால் போகச் சொன்னேன். அந்த இடம் வரும்போது முன் சீற்றைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடவில்லை. அங்கே ஒன்றும் இல்லை பிள்ளை. கம்பியும் புல்லும்தான். அந்த இடத்தைக் கடந்த பிறகும் பயம் இறங்கவில்லை, அவள் வீட்டு ஒழுங்கைக்குத் திரும்பும்போது கூடியது. அப்போதுதான் விளங்கியது, நான் இவ்வளவு காலமும் பயந்தது வீதிக்கு அல்ல, அவளுடைய முகத்துக்கு.

கதவைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதோ மாமா?"

முழங்கால் என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். "உன்னைப் பார்க்கப் பயந்துபோனன் பிள்ளை."

கதவுப் பிடியில் இருந்து கையை எடுத்தாள். "எனக்கும் உங்களைப் பார்க்கப் பயம்தான். அவரின்ர முகம் உங்களுக்கு," என்றாள். பிறகு, "செருப்பைக் கழட்டிட்டு வாங்கோ."

அன்று நாங்கள் அவ்வளவாகக் கதைக்கவில்லை. சோறு இறங்கவுமில்லை. இப்போது இரண்டு சனிக்கு ஒருமுறை போகிறேன். நல்லாயிருக்கிறது என்று உமக்குச் சொல்லமாட்டேன், நீர் கண்டுபிடித்துவிடுவீர். ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குக் கீழே அது ஏறி உட்காருகிறது. அதோடுதான் போகிறேன், அதோடுதான் வருகிறேன். நீர் தந்துவிட்டுப் போனது அவ்வளவுதான்.

மனைவி போனாள், மகன் போனான், நீரும் போய்விட்டீர். இதை நான் சொல்லச் சொல்ல, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, இடையிடையே நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிற என் மருமகள் ஒருத்திதான் எனக்கு இனி. அவளுடைய பேர் வசந்தி.