சின்ன ஆபரேஷன்

ஜனவரி 18, சனி

மேகமூட்டம். துணி காயவில்லை. மாத்திரை போட்டாச்சு.

உடம்பு பார்க்க வந்தவர்கள்: பெரியம்மா, எதிர்வீட்டு மேரியக்கா. கொண்டுவந்தது: ஆரஞ்சு, ஹார்லிக்ஸ். அவர்களுக்கு டீ போட்டது: நான்!

விலா ஓரத்துத் தையலைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். பெரியம்மா முகத்தில் ஏமாற்றம். "இவ்ளோதானா? இன்னாமோ இதயத்துல ஆபரேஷன்னாங்க?"

காலேஜ் படிக்கும்போது நெஞ்சு நடுவே பிளந்து இதே இதய வால்வைச் சரிசெய்தார்கள். அப்போது இதே பெரியம்மா அழுதது தெருவுக்கே கேட்டது. அம்மா மூன்று மாதம் தலைவாரி விட்டாள். இப்போது அந்த வால்வையே எடுத்துவிட்டு உலோக வால்வு. வெட்டு சின்னது என்பதால் மரியாதையும் சின்னது.

ஜனவரி 20, திங்கள்

செங்கல்பட்டில் ரத்தப் பரிசோதனை. ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையின் அளவு சரி.

டாக்டர்: "வெளியேதான் சின்ன வெட்டும்மா. உள்ளே அதே பெரிய வேலை. வெயிட் தூக்கக் கூடாது." அம்மா பக்கத்திலேயே நின்றாள். தலையாட்டினாள். பஸ் ஸ்டாண்டில் என்னிடம் தேங்காய்ப் பையை நீட்டினாள். எரிச்சல். வாங்கவில்லை. 

ஜனவரி 23, வியாழன்

தம்பி சரவணன் கல்யாணம் அடுத்த மாதம். பெண்ணுக்கு ஊர் திருவிடந்தை, பெயர் கலை. ஆபரேஷன் விஷயம் பெண் வீட்டுக்குத் தெரியாது. நான் ஆபீஸில் ஒரு மாதம் லீவு எடுத்ததே கல்யாண வேலைக்காக என்று சொல்லி வைத்திருக்கிறார்களாம்!

கேட்டேன். சண்டை.

அம்மா: "நெஞ்சு வியாதி குடும்பம்னு சொல்ட்டா பொண்ணு குடுப்பானா? வெளிய ஒண்ணும் தெரில, அப்புறம் இன்னாத்துக்குச் சொல்லணும்?"

சரவணன்: "கல்யாணம் முடியட்டும்க்கா. நாத்தனார் முடிச்சு நீதானே போடணும். சிரிச்ச மாதிரி இரு."

சிரித்த மாதிரி! மூச்சு விட்டாலே விலா சுருக்கென்கிறது. பழைய தழும்பு தெரியாமல் புடவையைக் கழுத்துவரை ஏற்றிப் பின் குத்திக்கொண்டு வேறு.

சிறுசேரி ஆபீஸிலிருந்து டீம் லீட் போன் செய்து, "எழுந்து நடக்கறியாமே, வீட்லேர்ந்து ரெண்டு மணி நேரம் பார்க்கலாமா?" என்றார். போனை வைத்துவிட்டேன். அழுகைதான் வந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

வெயில். காஞ்சிபுரத்துக்கு வேனில் புடவை எடுக்க. இரண்டு வீட்டாரும். கலையின் அம்மா எல்லாரிடமும் என்னைக் காட்டி, "தம்பி கல்யாணத்துக்கு ஒரு மாசம் லீவு போட்டுக்கீதாம், தங்கமான பொண்ணு." நான் பல்லைக் கடித்தேன். திரும்பும்போது மூன்று புடவைப் பைகள் என் மடியில். வைத்தது அம்மா.

வழியில் டீக்கடை. எல்லாரும் இறங்கினார்கள். இஞ்சின் நின்றது. வேனில் நானும் கலையும் மட்டும்.

"அக்கா, டிக் டிக்னு கேக்குது. உங்க வாட்சா?"

கையில் வாட்ச் இல்லை.

"வால்வு. போன மாசம்தான் மாத்தினாங்க. ரெண்டாவது தடவை." சொல்லிவிட்டேன். பயமாக இல்லை, அலுத்துப்போயிருந்தது.

கலை பைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதே நேரம் ஜன்னலில் அம்மா, எனக்கு டீயோடு.

"அத்தே, ஆபரேஷன் பண்ணவங்க மடிலயா இத்தையெல்லாம் வெச்சீங்க?"

அம்மா: "ஐய, அது சின்ன ஆபரேஷன்தாம்மா."

"சின்னதுன்னா இன்னாத்துக்கு அத்தே மறைச்சீங்க?"