கற்பூரம் அணைத்த பிறகும் ஓடிய கார்

அண்ணை,

என் மருத்துவிச்சிச் சீருடையில் பெற்றோல் மணக்கிறது. தோய்த்துக் காயப்போட்டும் போகவில்லை. இன்று காலை கிளினிக்கில் ஒரு தாய் குழந்தையை என்னிடம் நீட்டும்போது மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்ன மிசி, கராஜிலையிருந்தே வாறியள்?" என்று கேட்டாள். குழந்தையைத் தராசில் நிறுத்து, அட்டையில் பதிந்து, அனுப்பிவிட்டேன். சண்டை பிடிப்பதற்கு நீங்கள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பெற்றோல் மணம் என்றாலே எனக்கு நீங்கள்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. வெறும் மண்ணெண்ணெயில் அது எழும்பாது. முதலில் கொஞ்சம் பெற்றோல் காட்ட வேண்டும். அதை ஷாம்பூப் போத்தலில் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. "பிள்ளை, இப்ப விடு" என்பீர்கள். விடுவேன். நீங்கள் உதைப்பீர்கள். வெள்ளைப் புகைக்குள் இரண்டு பேரும் நின்று இருமுவோம். நீங்கள் சொன்ன நேரத்தில் சொன்ன அளவு விடுவதில் எனக்குப் பெரிய பெருமை. ஏன், எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் கேட்கமாட்டேன் என்பது உங்களுக்கு அப்போதே பழகிப்போயிருக்க வேண்டும்.

பிறகு நீங்கள் ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி, அதில் இல்லாத டேர்போவை அதற்குப் பூட்டினீர்கள். எஞ்சினுக்குள் காற்றை அடித்து ஏற்றி வேகத்தைக் கூட்டுகிற அந்தச் சாமானைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் விசில் சத்தம்தான். பலாலி வீதியால் நீங்கள் போனால் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒருநாள் யாரோடோ ஓட்டம் வைத்து, ஒரு வீட்டு மதிலை இடித்துக்கொண்டு முற்றத்தில் போய் நின்றீர்கள். சற்று முன்புவரை அந்த முற்றத்தில் ஒரு பிள்ளை விளையாடிக்கொண்டிருந்ததாம்.

அந்த நேரத்தில்தான் வதனியின் கலியாணப் பேச்சு. வதனி என்னோடு படித்தவள், அவளுக்கு உங்களில் விருப்பம். அவளுடைய தகப்பன் பண்டத்தரிப்பில் வெங்காயத் தோட்டம் செய்கிற மனிசன், ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "ரோட்டிலை சாகப்போற பெடியனுக்கு நான் பொம்பிளை குடுக்கிறேல்லை." நான் உங்களைப் பிள்ளையார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்து, சத்தியம் செய்தீர்கள். டேர்போவைக் கழற்றிவிடுவீர்கள், இனி ஓட்டம் ஓடமாட்டீர்கள். கையில் கரி ஒட்டியிருந்தது. சுட்டதா என்று நான்தான் ஊதிவிட்டேன்.

மறுநாள் ஒரு உரப்பையைக் கொண்டுவந்து தந்தீர்கள். உள்ளே பெரிய நத்தை ஓடு மாதிரி ஒரு இரும்பு. "இந்தா, கழட்டியாச்சு. கொண்டுபோய் மாமாவுக்குக் காட்டு." நான் அதை ஸ்கூட்டரின் காலடியில் வைத்துக்கொண்டு பண்டத்தரிப்புக்குப் போனேன். மனிசன் பையைத் திறந்து பார்த்தார், காலால் தட்டிப் பார்த்தார். பிறகு இரும்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீ பொறுப்போ, பிள்ளை?"

"ஓம் மாமா, நான் பொறுப்பு" என்றேன். கலியாணம் நடந்தது.

அதன்பிறகு வருடா வருடம் புகைப் பரிசோதனை. அதில் தேறினால்தான் காருக்கு அந்த வருடத்து லைசன்ஸ் கிடைக்கும். "எனக்கு வேலை கிடக்கு பிள்ளை, நீ ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டியிட்டு வா" என்று சாவியை நீட்டுவீர்கள். சத்தியம் காப்பாற்றப்படுகிறது என்பதை நான் கண்ணால் காண வேண்டும், அதற்காகத்தான் என்னை அனுப்புகிறீர்கள் என்று நினைத்தேன். எனக்கு அது ஒரு மரியாதையாகப் பட்டது. விசில் இல்லை. புகை இல்லை. ஒவ்வொரு தரமும் கார் தேறியது. திரும்பும் வழியில் மாமாவிடமும் சான்றிதழைக் காட்டிவிட்டுத்தான் வருவேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டு, முழுவதையும் வாசிப்பார். இந்தக் கூத்து உங்களுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் நன்றாகச் சிரித்திருப்பீர்கள்.

போன மாரியில் டெங்குக் காய்ச்சல் உங்களை ஒரு கிழமைக்குள் கொண்டுபோனது. வீடு வீடாகப் போய்ச் சிரட்டைத் தண்ணீரைக் கவிழ்க்கச் சொல்லுகிற மிசியின் அண்ணனை. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நான்தான் இருந்தேன். உங்களுக்கு நினைவு தெளிவாக இருந்தது, நேரமும் இருந்தது. நீங்கள் கிரிக்கெட் கதைத்தீர்கள்.

இப்போது மாமா படுக்கையில். வதனி பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கொக்குவிலில் இருந்து பண்டத்தரிப்புக்குப் போய்வர அந்தக் கார்தான். லைசன்ஸ் முடியப்போகிறது என்றாள். வழமைபோல நான் சாவியை வாங்கினேன். சந்தி கழிந்து அக்சிலேற்றரை மிதிக்க விசில் கேட்டது. பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்து வண்டியை ஓரம்கட்டி வழிவிட்டேன். ஒருவரும் கடந்து போகவில்லை.

பரிசோதனை நிலையத்துத் தம்பியின் மகளைக் கிளினிக்கில் நிறுப்பதும் நான்தான். புகைக் குழாய்க்குள் கருவியைச் செருகிவிட்டுத் திரையைப் பார்த்தான், திரும்ப ஒருமுறை பார்த்தான். நான் பின்னால் நின்றேன். எரியாத பெற்றோல் முகத்தில் அடித்தது. அவன் குனிந்து காருக்குக் கீழே பார்த்துவிட்டு எழும்பினான்.

"மிசி, குழாய்க்கு நடுவிலை புகையைச் சுத்தமாக்கிற வடிகட்டியைக் காணேல்லை. இது உங்கடை அண்ணையின்ரை கார்தானே?"

"ஓம். வருஷா வருஷம் இங்கைதானே கொண்டுவாறன்."

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. மிசி கொண்டுவாறது எண்டு நாங்கள் முந்திக் குனிஞ்சு பாக்கிறேல்லை." அவன் என் முகத்தைப் பார்க்காமல்தான் அதைச் சொன்னான்.

நேராகக் கொக்குவிலில் ரயில் பாதையோரம் இருக்கிற உங்கள் சிநேகிதர் ஜெயத்தின் கராஜுக்குப் போனேன். மனிசன் என்னைக் கண்டதும் துணியால் கையைத் துடைக்கத் தொடங்கினார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"புகை ரெஸ்றுக்கு ஒரு கிழமை முந்தி வடிகட்டியைப் பூட்டி, டேர்போவுக்குப் போற வழியை அடைச்சு விடுவம், தங்கச்சி. நீங்கள் காட்டிக்கொண்டு வந்தாப் பிறகு பழையபடி மாத்திறது. அவர் கொண்டுபோனா அவங்கள் பொனற்றையும் திறப்பாங்கள், கீழையும் பாப்பாங்கள். நீங்கள் எண்டால் பாக்கமாட்டாங்கள் எண்டு அவர்தான் சொன்னவர்."

"அப்ப உரப்பையிலை தந்தது?"

"அது பழைய லொறி ஒண்டின்ரை."

அண்ணை, லொறி இரும்பு. அதைத்தான் நான் கோயில் பிரசாதம் மாதிரிக் காவிக்கொண்டு போய், நான் பொறுப்பு என்று சொன்னேன். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு நீங்கள் உயிரோடு முன்னால் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

வதனியிடம் போனேன். அவளும் ஏமாந்தவள், இரண்டு பேருமாகக் கட்டிப்பிடித்து அழலாம் என்றுதான் போனேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியும். கலியாணம் முடிஞ்சு கொஞ்ச நாளிலை சொல்லிப்போட்டார். விடியப்புறம் கீரிமலைப் பக்கம் போவம். சனம் இராது. அவர் மிதிக்க, கதிரையோடை முதுகு ஒட்டிக்கொள்ளும்." சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது. "உமக்குத் தெரிஞ்சா நீர் எங்களோடை கதைக்கமாட்டீர் எண்டு பயந்தவர். ரெஸ்றுக்கு என்ன செய்யிறவை எண்டு எனக்குச் சத்தியமாத் தெரியாது."

சத்தியம் என்ற சொல்லைக் கேட்க எனக்கு எரிந்தது. நான் யாருக்காகப் பொறுப்பு நின்றேனோ, அவள் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து சிரித்துக்கொண்டு போயிருக்கிறாள். என்னை ஏற்றினால் மட்டும் வீதியில் மாடுகூட முந்திப் போகும். அவ்வளவு பவ்வியமாக ஓடுவீர்கள்.

ஜெயம் பழையபடி செய்து தருவதாகச் சொன்னார். பூட்டி, காட்டி, பிறகு கழற்றிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. "டேர்போவைக் கழட்டுங்கோ" என்றேன். "வடிகட்டியைக் குழாயோடை வைச்சு ஒட்டிவிடுங்கோ. திரும்ப ஒருத்தரும் கழட்டக்கூடாது." வதனி பக்கத்தில்தான் நின்றாள். "அது அவரின்ரை ஆசை" என்றாள். கார் இப்போது அவளுடையது, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. "உம்மடை அப்பா இன்னும் இருக்கிறார், அவருக்கு நான் சொன்ன சொல்லும் இருக்கு" என்றேன். அவள் ஜெயத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். ஜெயம் வேலை முடிக்கும்வரை கிட்ட நின்று பார்த்தேன். சீருடையில் ஏறியது அந்த மணம்தான்.

நேற்றுத் திரும்பக் கொண்டுபோனேன். திரையில் எல்லாம் சரியாக வந்தது. தம்பி சந்தோஷப்பட்டு, "வடிகட்டி பூட்டியாச்சுத்தானே, மிசி?" என்று கேட்டான். ஓம் என்று சொல்ல வேண்டியதுதான். உண்மையும் அதுதான்.

"குனிஞ்சு பாருங்கோ, தம்பி."

"நீங்கள் சொன்னாப் போதும் மிசி."

"போதாது. பாருங்கோ."

அவன் பார்த்தான். கார் தேறியது. சாவியை வதனியிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

என்னோடு மிஞ்சியிருப்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிப் பெண்களுக்கு நான் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்துவிட்டு, அடுத்த முறை போகும்போது ஒழுங்காகப் போட்டார்களா என்று கேட்பேன். "ஓம் மிசி" என்பார்கள். இத்தனை வருடமாக எனக்கு அது போதுமாக இருந்தது. இன்று பின்னேரம் ஒருத்தியிடம், குளிசைப் பையை எடுத்துவரச் சொன்னேன். வாங்கி, அவளுக்கு முன்னாலேயே எண்ணினேன். சரியாக இருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு நான் என்ன மறுமொழி சொல்ல, அண்ணை?